நிலவும் வேண்டும் தொட்டிக்கு

1846-ஆம் ஆண்டு. லண்டனில், வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தை ஒட்டிய வீடொன்றில் பணிப்பெண்ணுக்கு விநோதமான வேலை ஒன்று வந்து சேர்ந்தது. திறந்த ஜன்னலருகே நின்றுகொண்டு ஒரு பாத்திரத்துக் கடல்நீரை இன்னொரு பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். திரும்பவும் அதிலிருந்து இதில். நம்மூர் டீ மாஸ்டர் ஆற்றுகிற மாதிரி, தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம். வீட்டு எஜமானி அன்னா தின், டோர்க்கி கடற்கரையில் கண்ட சிறு பவளங்களை ஊசி நூலால் ஒரு கடற்பஞ்சோடு தைத்து, ஜாடியில் வைத்து லண்டனுக்குக் கொண்டுவந்திருந்தார். அடிக்கடி புதுக் கடல்நீர் வரவழைப்பது கட்டுப்படியாகாத காரியம். இருக்கிற நீருக்கே காற்றூட்டிப் பார்த்தார். பவளங்கள் பிழைத்தன, பெருகவும் செய்தன. அந்த விவரத்தை 1859-ல் ஓர் அறிவியல் இதழில் எழுதினார்.

அலையும் காற்றும் ஓயாமல் செய்கிற ஒரே ஒரு வேலையை அந்தப் பெண்ணின் கைகள் ஏற்றுக்கொண்டன. கடல் செய்யும் மற்ற வேலைகளை யார் செய்வது? இன்று ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் எட்டடி, பத்தடி நீளத்துக்கு வீட்டுக்குள் பவளத்தொட்டி கட்டுகிறவர்கள், அவை ஒவ்வொன்றுக்கும் ஆள் வைக்கப் பார்க்கிறார்கள். தொட்டி கட்டுமுன் அவர்கள் போடும் திட்டத்தை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். பம்ப், விளக்கு, குழாய், ரசாயனம் என்று நீளும் கொள்முதல் பட்டியல்தான் அது. எனக்கோ துதிநூலாகப் படுகிறது. படைத்தவன் கூலி வாங்காமல் நடத்திவரும் காரியங்கள் ஒவ்வொன்றுக்கும் அதில் விலை போட்டிருக்கிறது.

இத்தனை ஏற்பாடும் யாருக்காக? பவளம் என்கிற ஒரு பிராணிக்காக. பல நூற்றாண்டுகள் அதைச் செடி என்றும் கல் என்றும் சொல்லிவந்தார்கள், அது விலங்கு. ஒரு வாய், வாயைச் சுற்றிச் சிறு கைகள், உள்ளே ஒரு வயிறு. அவ்வளவுதான் உடம்பு. மூளை கிடையாது, கண் கிடையாது, இதயம் கிடையாது. ஆனால் அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது, ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்து லட்சம் அளவுக்கு. வெயிலை வைத்துப் பாசி உணவு தயாரிக்கிறது. தயாரித்ததில் பெரும்பகுதியை இடம் கொடுத்த பவளத்துக்கே தந்துவிடுகிறது. பவளத்தின் தேவையில் பத்தில் ஒன்பது பங்குவரை இப்படி வந்து சேரும். பவளத்தின் கழிவு பாசிக்கு உரம். (அன்னா தின் கொண்டுபோனது பாசி இல்லாத குளிர்கடல் இனம். லண்டன் வீட்டு வெளிச்சத்தில் அது தாக்குப்பிடித்தது அதனால்தான்.) இந்தக் கூட்டுக் குடும்பம் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தனக்கு வீடு கட்டுகிறது. அந்த வீடுகள் சேர்ந்தவையே பவளப்பாறைகள். கடல் தரையில் நூற்றில் ஒரு பங்குகூட அவை இல்லை. ஆனால் கடல்வாழ் இனங்களில் ஏறக்குறைய கால்வாசிக்கு அங்கேதான் சோறும் இடமும்.

இனி தொட்டிக்கு வருவோம். எட்டடி நீளம், மூன்றடி அகலம், இரண்டரை அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் 1,700 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, கல், மணல் எல்லாம் சேர்ந்து எடை இரண்டு டன்னைத் தாண்டும். மாடியில் குடியிருப்பவர் மீன்கடைக்குப் போவதற்கு முன் கட்டட இன்ஜினியரைப் பார்ப்பது நல்லது. லிட்டருக்கு 35 கிராம் வீதம் சுமார் 60 கிலோ உப்பு வேண்டும். சமையல் உப்பு உதவாது. மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், ஸ்ட்ரான்சியம் என்று கடலில் உள்ளவை எல்லாம் அதே விகிதத்தில் இருக்க வேண்டும். அந்த விகிதத்தில் ஓர் அதிசயம் இருக்கிறது. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் பல கடல்களிலிருந்து கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்ற வேதியியலாளர் சோதித்தார். ஓரிடத்தில் உப்பு கூடுதலாக இருந்தது, இன்னோரிடத்தில் குறைவாக இருந்தது. ஆனால் முக்கியமான உப்புகள் ஒன்றுக்கொன்று கொண்டிருந்த அளவு எங்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. உலகத்துக் கடலையெல்லாம் ஒரே கை கலந்து வைத்திருக்கிறது.

தொட்டியில் அந்தக் கலவையைக் காப்பாற்றுவது லேசான வேலையில்லை. ஆவியாகிப் போவது நீர் மட்டும், உப்பு தங்கிவிடும். குறைந்த அளவுக்கு உப்பில்லாத சுத்த நீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஒரு மிதவை, ஒரு சின்ன மோட்டார், பக்கத்தில் ஓர் ஆர்.ஓ. இயந்திரம். கடலில் இந்த வேலையை மழையும் ஆறுகளும் பார்த்துக்கொள்கின்றன.

இதுவரை சொன்னவை காசு கொடுத்தால் கிடைக்கும். அவசரப்படுத்த முடியாதது ஒன்று இருக்கிறது. நீர் நிரப்பி, மோட்டார் ஓடி, விளக்கெரிந்து எல்லாம் தயாரான பிறகும் மீன் விடக்கூடாது. நான்கு வாரமோ ஆறு வாரமோ வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை நைட்ரைட்டாக மாற்ற ஒருவகை பாக்டீரியா வேண்டும், நைட்ரைட்டும் விஷம்தான். அதை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை வேண்டும். முதல் கூட்டம் பெருகி வேலையைத் தொடங்கினால்தான் இரண்டாம் கூட்டத்துக்குச் சாப்பாடு. இப்படி இரண்டு கட்டமாக நடக்கிற வேலையை 1890-ஐ ஒட்டி ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி மண்ணிலுள்ள பாக்டீரியாக்களைக் கொண்டு நிரூபித்தார். எத்தனை பெரிய பணக்காரராக இருந்தாலும் இந்த ஏழைத் தொழிலாளிகள் வந்து சேரும்வரை காத்திருந்தே ஆக வேண்டும். எனக்குப் பிடித்த நியாயம் இது.

நைட்ரேட்டோடும் கதை முடிவதில்லை. அதைக் கரைத்து வெளியேற்றுவது யார் என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வடிகட்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் மிக எளிய காரியம் செய்தார். கடலிலிருந்து எடுத்த பாறைத் துண்டுகளை, அவற்றில் ஒட்டியிருந்த உயிர்களோடு அப்படியே தொட்டியில் வைத்தார். கொஞ்சம் சூரிய ஒளி, கொஞ்சம் காற்றுக்குமிழி, வேறெதுவும் இல்லை. தொட்டி நலமாக இருந்தது. 1961-ல் அதை எழுதினார். இயற்கையின் முறை என்றே அதற்குப் பெயர் வைத்தார். அந்தக் கல்லில்தான் சூட்சுமம். பழைய பவளக் கல்லில் எண்ணற்ற நுண்துளைகள். மேற்பரப்பில் ஆக்சிஜன் உண்டு. அங்கே அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா. உள்ளே போகப் போக ஆக்சிஜன் அருகிவிடுகிறது. அங்கே நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி அனுப்பும் வேறொரு பாக்டீரியா. ஒரு கைப்பிடிக் கல்லுக்குள் எதிரெதிர் குணமுள்ள இரண்டு ஆலைகள். பின்னாளில் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் இதோடு நுரை பிரிக்கும் இயந்திரத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். பெர்லின் முறை என்று உலகமே அதைப் பின்பற்றுகிறது. புரோட்டீன் ஸ்கிம்மர் என்கிற அந்த இயந்திரத்தில் மர்மம் எதுவும் இல்லை. காற்றடிக்கும் நாளில் கடற்கரையில் ஒதுங்கும் அழுக்கு நுரையைப் பார்த்திருப்பீர்கள். நீரில் கரைந்த கரிமக் கழிவு குமிழியில் ஒட்டிக்கொண்டு கரையேறுகிறது. அதையே ஒரு குழாய்க்குள் நடத்துகிறார்கள்.

ஒளிக்குத் தனியாக ஒரு கணக்கு. கடலில் சில மீட்டர் இறங்கினாலே சிவப்பு ஒளி செத்துவிடும். ஆழத்துக்குப் போவது நீலம். பாசிக்கும் அந்த நீலம் பழகிவிட்டது. எனவே பவளத்தொட்டியின் எல்.இ.டி. விளக்குகள் நீலத்தைப் பொழிகின்றன. அந்த நீலத்தை வாங்கிப் பவளம் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் சிவப்பாகவும் திருப்பித் தருகிறது, சதையிலுள்ள ஒளிரும் புரதங்களால். இது வெறும் அலங்காரம் இல்லை. மாஸ்கோவில் மீன்தொட்டியில் வளர்க்கப்பட்ட பவள இனத்து உயிரிகளை ஆராய்ந்த ரஷ்ய விஞ்ஞானிகள், சிவப்பாக ஒளிரும் புரதத்தின் மரபணுவைப் பிரித்து 1999-ல் வெளியிட்டார்கள். உயிருள்ள செல்லுக்குள் எது எங்கே நகர்கிறது என்று பார்க்க உலகின் ஆய்வுக்கூடங்கள் இன்று அதையும் அதிலிருந்து பிறந்தவற்றையும் பயன்படுத்துகின்றன.

பவளம் வீடு கட்டக் கட்ட நீரில் சுண்ணாம்பு தீரும். ஈடு செய்யாவிட்டால் வளர்ச்சி நின்றுவிடும். 1970-களில் பீட்டர் வில்கென்ஸ் சொல்லிப் பரவிய வழி, ஆவியான நீருக்குப் பதில் சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக விடுவது. வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்பின் தெளிவுதான். இதைப் படிக்கும்போது தூத்துக்குடிக் கடலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே பல்லாண்டுகள் பவளத்தை வெட்டிக் கரையேற்றிச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினோம். அவர்கள் சுண்ணாம்பைக் கொடுத்துப் பவளம் வளர்க்கிறார்கள்.

பகலில் மட்டும் பவளத்தொட்டியைப் பார்த்தவர்கள் பாதிதான் பார்த்தவர்கள். விளக்கணைந்து ஒரு மணி நேரம் போகட்டும். மங்கிய சிவப்பு டார்ச் ஒன்றோடு கண்ணாடியருகே உட்கார்ந்தால், பகலில் மூளை மடிப்புபோல் இறுகிக் கிடந்த கல் ஊதிப் பருத்திருக்கும். மடிப்புக்கு மடிப்பு கண்ணாடி நிறக் கைகள் நீண்டிருக்கும், நுனியில் வெள்ளைப் புள்ளியோடு. இறால் துணுக்கு ஒன்றை விட்டால் பட்ட கை சுருங்கும், பக்கத்துக் கைகள் சாயும், துணுக்கு மெல்ல வாய்க்குப் போகும். அந்தக் கைகள் அண்டை வீட்டு விவகாரத்திலும் தலையிடும். வேற்றினப் பவளம் நெருங்கினால் கொட்டும். சில இனங்கள் வயிற்று இழைகளையே வெளியே தள்ளி எதிரியின் சதையைக் கிடந்த இடத்திலேயே செரித்துவிடும். அதனால் திட்டம் போடும்போதே பவளத்துக்குப் பவளம் ஒரு சாண் இடைவெளி விடுவார்கள். அசையாத இந்தப் பிராணிகளிடம்தான் இத்தனை சண்டை.

பட்டியலில் கடைசியாகச் சேர்ந்த பொருள் நிலவு.

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில், வசந்தத்தின் பிற்பகுதியில் பௌர்ணமி கழிந்த சில இரவுகளில், பல இனப் பவளங்கள் ஒரே நேரத்தில் முட்டையும் விந்தும் அடங்கிய சிறு உருண்டைகளை விடுகின்றன. இளஞ்சிவப்பு மணிகள் கோடிக்கணக்கில் மேலே மிதந்துவருகின்றன. டவுன்ஸ்வில் நகரத்து ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தின் இளம் ஆய்வாளர்கள் 1980-களின் தொடக்கத்தில் இதைக் கண்டறிந்தார்கள். கண்ணில்லாத பிராணிக்குப் பௌர்ணமி எப்படித் தெரிகிறது? நிலவொளிக்குத் தக்கபடி ஏறி இறங்கும் ஒளியுணர் மரபணுக்கள் பவளத்தில் இருப்பதை 2007-ல் கண்டார்கள். படைத்தவன் பஞ்சாங்கத்தை அதன் சதைக்குள்ளேயே எழுதி அனுப்பியிருக்கிறான்.

லண்டனின் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸ் குழு தொட்டிக்குள் அந்தப் பஞ்சாங்கத்தைக் கொண்டுவர முயன்றது. ஆண்டு முழுவதும் ஏறி இறங்கும் கடல் வெப்பம், மாதத்துக்கு மாதம் மாறும் பகல் நீளம், அன்றாடச் சூரிய உதயமும் அஸ்தமனமும், வளர்ந்து தேயும் நிலவு. நான்கையும் கணினி வழியே நடத்தினார்கள். நிலவு என்பது மங்கலான ஒரு எல்.இ.டி. விளக்குதான். பெருந்தடுப்புத் திட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த பவளங்கள், வெளியே லண்டன் வானம் என்னவாக இருந்தாலும், தம் ஊர்க் கடல் முட்டையிடும் காலத்திலேயே முட்டையிட்டன. 2017-ல் முறையை விரிவாக வெளியிட்டார்கள். அதன் துணையோடு அமெரிக்காவின் ஃபுளோரிடா அக்வேரியம் 2019-ல், அழிவின் விளிம்பிலிருந்த தூண் பவளத்தை ஆய்வுக்கூடத்தில் முட்டையிட வைத்தது. வீட்டுத் தொட்டிக்காரர்கள் பல ஆண்டு கற்ற பாடங்கள் இதற்கெல்லாம் அடித்தளம். பெர்லினில் டீட்ரிக் ஸ்டூபர் தொட்டியில் வளர்ந்த கிளைப் பவளம் ஒன்று, துண்டு துண்டாகக் கைமாறி நாடு நாடாகப் போயிருக்கிறது. அதனால் இந்தப் பொழுதுபோக்கை வெறும் பணக்கொழுப்பு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் நான்கு சுழற்சிக்கும் கணினி வைத்து, மின்சாரம் போனால் ஓட ஜெனரேட்டரும் வைத்துக் கிடைப்பது ஓர் அறையளவு கடல். மன்னார் வளைகுடாவில் அதே காரியம் ஸ்விட்ச் இல்லாமல் நடக்கிறது.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. நம் கடலிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. பவளம் வெட்டியதே அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. கடல் மீன் வளர்க்க ஆசையிருந்தால், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் முட்டை பொரிக்க வைத்து வளர்க்கக் கற்றுத்தந்திருக்கும் கோமாளி மீன்களைத் தேடி வாங்குங்கள். கடையில் யாராவது கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பவளத்தை நீட்டினால் வாங்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.