தொழினுட்ப நூல்களைப் பேணுதல்

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய எமது தீவுகளில் நூலொன்றைப் பேணுதல் எளிதன்று. உப்புக்காற்றினால் நூலைத் தைத்த கம்பி துருவேறும். மாரிக்கால ஈரத்தினாற் பூஞ்சணம் பிடிக்கும். எஞ்சியதைக் கறையான் அரிக்கும். 1990களின் இடப்பெயர்வினால் ஆளின்றிக் கிடந்த வீடுகளில் அழிந்த நூல்களுக்கோ கணக்கில்லை.

இலக்கிய நூலொன்று மறைந்தால் அதனை மறுபதிப்புச் செய்ய அன்பர் சிலரேனும் முன்வருவர். தொழினுட்ப நூலுக்கு அப்பேறு அரிது. புதிய பதிப்பு வந்ததும் பழையது பயனற்றதென எண்ணி, பழைய கடதாசியோடு சேர்த்து நிறுத்து விற்றுவிடுகின்றோம். ஆயினும், பழைய படகு இயந்திரத்தைத் திருத்துவோனுக்கு அக்காலத்துக் கைந்நூலே வேண்டும். பழைய கட்டடத்தைப் புதுப்பிப்போனுக்கு அதன் முதல் வரைபடமே வேண்டும்.

வேறொரு பயனும் உண்டு. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளையும் அறிவியல் மொழிபெயர்ப்பு நூல்களையும் வெளியிட்டது. 2013ஆம் ஆண்டிலே தொடங்கிய உயர்தரத் தொழினுட்பப் பிரிவிற் பொறியியல் தொழினுட்பவியல் பயிலும் தீவக மாணவன், தன் தாய்மொழியில் இத்துறை எவ்வாறு வளர்ந்ததென்பதை அத்தகைய நூல்களிலேயே காணலாம்.

அவற்றைக் காக்கும் வழி யாது? நம் முன்னோர் ஏடு சிதையுமுன் அதனைப் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதினர். மரக்கலம் கட்டும் முறையைக் கூறும் ‘கப்பல் சாத்திரம்’ அவ்வாறு சுவடியாய் நிலைத்து, 1950இற் சென்னையில் அச்சேறியது. படியெடுத்தலே பேணுதல் என்பது இதன் பாடம். ஒரே இடத்தில் ஒரே பிரதியை வைத்திருப்பதன் கேட்டினை 1981ஆம் ஆண்டு நமக்கு உணர்த்தியது. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகள் மீளவேயில்லை.

இன்று மின்வருடியின் துணையால் ஒரு நூலைச் சில மணி நேரத்திற் படியெடுக்கலாம். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இவ்வாறே காத்து வருகின்றது. படியெடுக்குங்கால், தலைப்புப் பக்கம், பதிப்பு, ஆண்டு ஆகியன விடுபடலாகாது. மடித்து வைத்த வரைபடங்களை விரித்து, அளவுக்கோடுகள் தெளிவாகத் தெரியும்படி எடுத்தல் வேண்டும். இலங்கைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டாதலின், உரிமையாளரின் இசைவு பெறுதலும் கடமையாகும்.

எண்ணிமப் பிரதியும் அழியாப்பொருளன்று. வன்தட்டு பழுதுறும்; கோப்பின் வடிவம் வழக்கொழியும். எனவே, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைத் திறந்து பார்த்துப் புதிய தட்டில் மீளப் பதிதல் வேண்டும். ஒரு பிரதி தீவில் இருப்பின், மற்றொன்று கடலுக்கு அப்பால் வேறோர் ஊரில் இருத்தல் நன்று. மூல நூலையும் எறிந்துவிடலாகாது. மின்சாரமின்றியும் படிக்கத்தக்கது அதுவேயன்றோ?

ஆதலின், ஓய்வுபெற்ற பொறியியலாளர் அல்லது தொழினுட்ப உத்தியோகத்தர் ஒருவரின் வீட்டு அலுமாரியை ஒழிக்கும்போது, நூல்களைத் தராசில் ஏற்றுமுன் அயலிலுள்ள பாடசாலைக்கோ நூலகத்துக்கோ ஒரு சொல் அறிவியுங்கள். அவற்றுள் எது அரியதென்பதை அங்குள்ளோர் ஆராய்ந்து கொள்வர்.