எழுத்துக்கு ஓர் எண்

நமது வெலிங்டன் தீவு ரயில் நிலையத்தின் பெயர் கொச்சி துறைமுக முனையம். ரயில்வே ஏடுகளில் அதற்கு 'சி.எச்.டி.எஸ்.' என்ற குறியீடு போதும். எர்ணாகுளம் சந்திப்புக்கு 'இ.ஆர்.எஸ்.'. சென்னை சென்ட்ரலுக்கு 'எம்.ஏ.எஸ்.'. 1996இல் மெட்ராஸ் சென்னையாகிய பின்னும் அந்தக் குறியீட்டை மாற்றவில்லை. பெயர் மாறலாம், குறியீடு மாறினால் டிக்கெட்டும் சரக்குச் சீட்டும் வழிதவறும். ரயில்வேயில் இன்ஜினீயராக இருந்த எனக்கு இது பழகிய பாடம். கணிப்பொறியில் தமிழ் எழுத்தின் நிலையும் இதுவே.

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தருகிறார்கள். யூனிகோடு என்னும் உலகப் பொதுமுறையில் 'க' எழுத்தின் எண் 2965. அந்த எண்ணுக்குரிய வடிவத்தைத் திரையில் வரைவது எழுத்துருவின் வேலை.

முன்பு தமிழ் எழுத்துருக்களைச் செய்தவர்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களைத் தத்தம் விருப்பப்படி அமைத்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அதே கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குறிகளே தெரியும். நம் சங்கங்களின் பழைய மலர்களும், பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளும் இப்படித்தான் வாசிக்க முடியாமல் கிடக்கின்றன.

1991இல் வெளிவந்த யூனிகோடு முதல் பதிப்பு, 1988ஆம் ஆண்டின் இந்திய எழுத்துக் குறியீட்டுமுறையைப் பின்பற்றித் தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியது. நம் எழுத்துகளோ 247. எனவே அகரம் ஏறியவை தவிர மற்ற உயிர்மெய்க்குத் தனி எண் இல்லை. 'கு' என்பது க (2965), உகரக் குறி (3009) என இரண்டு எண்கள் சேர்ந்தது. எத்தியோப்பியாவின் கீஸ் எழுத்தும் நம்மைப் போல மெய்யோடு உயிர் சேரும் எழுத்துதான். 1999இல் யூனிகோடில் அது சேர்ந்தபோது ஹ 4608, ஹு 4609 என ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் கிடைத்தது. தமிழுக்கும் அப்படி வேண்டும் என்று பலர் வாதாடினர். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றதோடு, எல்லா எழுத்துக்கும் தனி எண் தரும் 'டேஸ் 16' முறையையும் ஏற்றது. ஆனால் நம் கைபேசிகளில் வழங்குவது யூனிகோடுதான். ஒருமுறை தந்த எண்ணையும் பெயரையும் அதில் மாற்றுவதில்லை. நம் ஆய்த எழுத்து இன்றும் அங்கே 'விசர்க்கம்' என்ற பெயரில்தான் இருக்கிறது!

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். 'ஔவை' என்பதன் முதலெழுத்து 2964 என்ற ஒரே எண். அதை 'ஒ', 'ள' என இரண்டு எழுத்தாகத் தட்டினால் பார்வைக்கு ஏறக்குறைய அதேதான். கணிப்பொறிக்கோ அது வேறு சொல். தேடினால் அகப்படாது. 'ஸ்ரீ'யும் அப்படியே. 2005இல் 'ஶ' எழுத்து 2998 என்ற எண்ணோடு சேர்க்கப்பட்டது. அதனால் 'ஸ', 'ஶ' இரண்டில் எதைக்கொண்டு எழுதினாலும் பல எழுத்துருக்களில் ஒரே வடிவம் வரும். உங்கள் மகள் பெயர் ஸ்ரீவித்யா என்றால், ஒரு பட்டியலில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் இருந்து, 'பெயர் இல்லை' என்று பதில் வரலாம்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். பிள்ளைகளுக்குத் தமிழ்த் தட்டச்சு சொல்லித்தரும்போது, வடிவத்தைப் பார்த்து ஒப்பேற்றாமல் உரிய எழுத்தையே தட்டப் பழக்குங்கள். இரண்டாவது, பழைய எழுத்துருவில் உள்ள கோப்புகளை, அந்த எழுத்துரு கையில் இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றி, அச்சுப்படி ஒன்றும் எடுத்து வையுங்கள். வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள், பெற்றோர் எழுதியதை நாளை தேடினால் அது கிடைக்க வேண்டும்.