கப்பல் டிக்கெட்டும் கிரெடிட்டும்: கேன்சல் செய்தால் எது திரும்பி வரும்?

போன மாதம் ஒரு சாயங்காலம் சேலத்திலிருந்து அக்கா கூப்பிட்டாங்க. கொல்லிமலையில் நெட்வொர்க் வந்து வந்து போகும், அதனால் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. விழுந்த பாதி இதுதான்: "தம்பி, ரீஃபண்டபிள்னு பார்த்துத்தானே டிக்கெட் எடுத்தோம்? அப்புறம் ஏன் பணம் வரல?"

விஷயம் இதுதான். போன வருஷம் புயலால் அவங்க கப்பல் பயணம் ரத்தானது. கம்பெனி பணத்துக்குப் பதில் 70,000 ரூபாய்க்கு கிரெடிட் கொடுத்தது. அந்த கிரெடிட்டோடு கார்டில் 40,000 சேர்த்து இந்த வருஷம் புது டிக்கெட் போட்டாங்க. நடுவில் மாமாவுக்கு இதய ஆபரேஷன். கேன்சல் செய்தார்கள். 40,000 கார்டுக்கு வந்துவிட்டது. 70,000 மறுபடி கிரெடிட்டாகவே வந்தது, அதுவும் பழைய காலாவதித் தேதியோடு. பாக்கி 12 நாள். ஆஸ்பத்திரி பில்லுக்கு நம்பியிருந்த பணம் அது.

சிஸ்டம் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இது ஆச்சரியமில்லை. நீங்கள் கொடுத்த ஒவ்வொரு தொகையும் தனித்தனி வரியாகப் பதிவாகும். கேன்சல் என்பது அந்த வரிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடுவது. கார்டு வரி கார்டுக்குப் போகும், கிரெடிட் வரி கிரெடிட் கணக்குக்குப் போகும். "ரீஃபண்டபிள்" என்ற சொல்லுக்கு "வந்த வழியே திரும்பும்" என்றுதான் அர்த்தம், "ரொக்கமாகும்" என்று அர்த்தமில்லை. கடைக்காரர் சில்லறைக்குப் பதில் மிட்டாய் தருவார் இல்லையா? அந்த மிட்டாயைக் கொடுத்து ஒரு பொருள் வாங்கி, அதையும் திருப்பிக் கொடுத்தால் கையில் வருவது மிட்டாய்தான்.

கம்பெனிகள் ஏன் இப்படி வைத்திருக்கின்றன? காலாவதி ஆகப்போகும் கிரெடிட்டை வைத்து அடுத்த வருஷத்துக்கு ஒரு ரீஃபண்டபிள் டிக்கெட் போட்டு, பிறகு கேன்சல் செய்து, ரொக்கமாகவோ புதுத் தேதியோடோ வாங்கிவிடலாம் என்று பலருக்குத் தோன்றும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் பழைய தேதி ஒட்டிக்கொண்டே வருகிறது. போனஸுக்கும் இதே கதை. 2020இல் ராயல் கரீபியன் தான் ரத்து செய்த பயணங்களுக்கு 125 சதவீதம் கிரெடிட் கொடுத்தது. அந்த மாதிரி கூடுதல் 25 சதவீதத்தைப் பணமாகக் கேட்க முடியும் என்று எண்ணிவிடக் கூடாது. அது வாடிக்கையாளரைத் தக்கவைக்கக் கொடுத்த ஊக்கத்தொகை.

நம் நாட்டில் இது நீதிமன்றம் வரை போனது விமானத்தில்தான். கொரோனா ஊரடங்கில் ரத்தான டிக்கெட்டுகள் பற்றி 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊரடங்குக் காலத்திலேயே, அந்தக் காலப் பயணத்துக்காக எடுத்த டிக்கெட்டுக்கு முழுப் பணம். அதற்கு முன்பே எடுத்ததற்கு, பணநெருக்கடியில் இருக்கும் நிறுவனம் கிரெடிட் ஷெல் தரலாம். ஆனால் அதை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம், மாதம் 0.5 சதவீதமும் 2020 ஜூன் 30க்குப் பிறகு 0.75 சதவீதமும் கூடும், 2021 மார்ச் 31க்குள் பயன்படுத்தாவிட்டால் பணமாகத் தரவேண்டும். சாதாரண நாட்களிலும், கிரெடிட் ஷெல்லா பணமா என்பதைத் தீர்மானிப்பது பயணிதான் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி சொல்கிறது. இவை விமானத்துக்கான விதிகள். கப்பல் டிக்கெட்டுக்கு நாம் ஒப்புக்கொண்ட நிபந்தனைதான் முதலில் பேசும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கிரெடிட் என்பது நாம் கம்பெனிக்குக் கொடுத்த வட்டியில்லாக் கடன். கம்பெனி படுத்தால் நாம் கடன்காரர் வரிசையில் கடைசிப் பக்கம் நிற்போம். சிங்கப்பூரிலிருந்து ஓடிய ட்ரீம் குரூசஸ், தாய் நிறுவனமான ஜென்டிங் ஹாங்காங் 2022 ஜனவரியில் திவால் நடவடிக்கைக்குப் போனதும் சில வாரங்களில் நின்றது. இங்கே கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் திவால் மனு போட்டது, பயணிகள் பணத்துக்காகக் காத்துக் கிடந்தார்கள்.

அப்போ என்ன செய்யலாம்?

ரத்து செய்தது கம்பெனி என்றால், கிரெடிட்டை "சரி" என்று அழுத்தும் முன் பணமாகக் கேளுங்கள். ஒருமுறை ஒப்புக்கொண்ட பின் வாதம் பலவீனமாகிவிடும்.

கட்டாயம் போகப்போகிற பயணத்துக்குக் கிரெடிட்டைச் செலவழியுங்கள். கேன்சல் ஆகலாம் என்று சந்தேகமிருந்தால் கார்டில் கட்டுங்கள்.

எந்தத் தேதிக்குள் புக் செய்யவேண்டும், எந்தத் தேதிக்குள் பயணம் செய்யவேண்டும், கேன்சல் செய்தால் எந்தத் தேதி பொருந்தும் என்ற மூன்றையும், கேன்சல் கட்டணம் எந்தப் பங்கிலிருந்து கழியும் என்பதையும் மெயிலில் எழுதி வாங்குங்கள்.

தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பிரச்சினை எழுந்து 2 ஆண்டுகளுக்குள். அதாவது எனக்கு நாமக்கல் போதும், மும்பை போகவேண்டியதில்லை.

அக்காவுக்காக ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் காகிதத்தை இணைத்து மெயில் போட்டேன். பணம் தரவில்லை, தேதியை 6 மாதம் தள்ளிவைத்தார்கள். மாமா இப்போ நடக்க ஆரம்பித்துவிட்டார். "கப்பல் இருக்கட்டும், முதல்ல உங்க மலைக்கு வர்றேன்"னு சொல்லியிருக்கார். 70 கொண்டை ஊசி வளைவுக்கு டாக்டர் சரி சொல்லணும், அவ்வளவுதான்.