அணையாத சுடரும் 'டிக் டிக்' பொறியும்

பெங்களூரு, புனே, தில்லி போன்ற ஊர்களில் மார்கழி, தை மாதங்களில் குளிர் அதிகம். பச்சைத் தண்ணீரில் குளிக்க முடியாது. அங்கே பல வீடுகளில் சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருக்கும். அதுதான் கேஸ் கீசர். குழாயைத் திறந்தால் உடனே வெந்நீர் வரும்.

இந்தப் பெட்டிக்குள் தீ எப்படிப் பற்றுகிறது?

பழைய கீசர்களில் உள்ளே ஒரு சின்னச் சுடர் இருக்கும். அதைப் பைலட் சுடர் என்பார்கள். ஒருமுறை தீக்குச்சியால் ஏற்றிவிட்டால் போதும். கோயில் அணையா விளக்கு போல அது எரிந்துகொண்டே இருக்கும். குழாயைத் திறந்ததும் கேஸ் வரும். சின்னச் சுடரிலிருந்து பெரிய தீ பற்றிக்கொள்ளும். குளிர் நாடுகளில் வீட்டையே சூடாக்கும் பெரிய அடுப்புகளிலும் நெடுநாள் இதே முறைதான் இருந்தது.

சாமிக்கு ஏற்றும் விளக்கு எரியட்டும். யாரும் குளிக்காதபோது கீசர் விளக்கு எதற்கு எரிய வேண்டும்? இரவும் பகலும் கேஸ் வீண். காசும் வீண்.

காற்றடித்துச் சுடர் அணைந்தால் என்ன ஆகும்? கேஸ் கசியும் அல்லவா? அதற்கும் ஒரு காவல் வைத்தார்கள். இரண்டு வேறு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்து, அந்த முனையைச் சூடாக்கினால் சிறிது மின்சாரம் உண்டாகும். டார்ச் லைட் செல்லின் வலுவில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும். அந்தத் துளி மின்சாரம் கேஸ் வால்வைத் திறந்தே பிடித்திருக்கும். சுடர் அணைந்தால் முனை ஆறும். மின்சாரம் நிற்கும். வால்வு மூடிக்கொள்ளும். நல்ல யோசனைதான். ஆனால் முனை ஆற அரை நிமிடம் போல ஆகும். அதுவரை கேஸ் வந்துகொண்டிருக்கும்.

இப்போது வரும் கீசர்களில் அணையாத சுடர் இல்லை. அடியில் இரண்டு பெரிய செல்கள் போட வேண்டும். குழாயைத் திறந்ததும் தண்ணீரின் அழுத்தம் உள்ளே ஒரு சுவிட்சைத் தள்ளும். உடனே 'டிக் டிக்' என்று மின்பொறி பறக்கும். கேஸ் வால்வு திறக்கும். தீ பற்றும். குழாயை மூடினால் தீயும் அணைந்துவிடும்.

தீ பற்றியதா என்று பார்க்க ஒரு சிறு கம்பி உண்டு. நெருப்பின் வழியாகச் சிறிது மின்சாரம் பாயும். கேட்க வியப்பாக இருந்தாலும் இது உண்மை. தீ இருந்தால் கம்பி வழியாக மின்சாரம் பாயும். தீ இல்லையென்றால் பாயாது. சில நொடிகளில் வால்வு மூடிவிடும். சத்தம் வருகிறது, தீ பற்றவில்லை என்றால் பெரும்பாலும் செல் தீர்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய பெட்டியைப் பிரித்துப் புதுப் பொறியை வீட்டில் தாமே பொருத்தக் கூடாது.

கேஸ் மிச்சம். கசிவுப் பயமும் குறைவு. ஆனால் இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். "இது தானாக அணையும், ஆபத்து இல்லை" என்று குளியலறைக்கு உள்ளேயே மாட்டிவிடுகிறார்கள். குளிருக்குப் பயந்து ஜன்னலையும் அடைக்கிறார்கள்.

பொறி மாறியதே தவிர நெருப்பு மாறவில்லை. ஒரு கீசர், ஐந்து சமையல் அடுப்புகள் சேர்ந்து எரிவதற்குச் சமம். நாலடிக்கு ஐந்தடி குளியலறையில் உள்ள காற்று அதற்கு அரை மணி நேரத்துக்குக்கூடப் போதாது. காற்று குறைந்தால் கேஸ் சரியாக எரியாது. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுக்காற்று உண்டாகும். சிலிண்டர் கேஸ் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும். இதற்கு நாற்றம் இல்லை, நிறமும் இல்லை. பிராணவாயு ஏற வேண்டிய இடத்தில் இது இரத்தத்தில் ஏறிக்கொள்ளும். தலை வலிக்கும், சுற்றும், குமட்டும். பிறகு மயக்கம். உள்ளே தாழ்ப்பாள். குளிக்கப் போன பலர் இப்படி இறந்திருக்கிறார்கள்.

செல்லுக்கு இது தெரியாது. கம்பிக்கும் தெரியாது. பல கீசர்கள் 20 நிமிடத்தில் தாமாக அணையும். மூடிய அறையில் அந்த 20 நிமிடமே ஆபத்துதான்.

ஆகவே கீசரைக் குளியலறைக்கு வெளியே, நல்ல காற்றோட்டம் உள்ள இடத்தில் மாட்ட வேண்டும். தண்ணீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்க வேண்டும். மஞ்சள் நிறமாக எரிந்தாலோ கரி படிந்தாலோ மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். கேஸ் நாற்றம் வந்தால் சிலிண்டரை மூடிவிட்டு, வெளியே வந்து 1906 எண்ணுக்குப் போன் செய்யலாம்.

வாடகை வீட்டில் கீசர் ஏற்கனவே உள்ளே இருக்கிறதா? மாற்றும் வரை வாளியில் வெந்நீர் பிடித்து, கீசரை அணைத்து, கதவைத் திறந்து வைத்துக் காற்று வந்தபிறகு குளிக்கலாம். குளிக்கப் போனவரைக் கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் காத்திருக்கக் கூடாது. கதவை உடைத்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108-ஐ அழைக்க வேண்டும்.