மணற்பூமியில் அஸ்திவாரப் பரீக்ஷை

மணற்பாங்கான பூமியில் தானியக் கிடங்கோ, மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியோ கட்டுவதற்கு முன் அடிமண்ணின் இறுக்கத்தை அறிதல் அவசியம். களிமண்ணைப்போல் மணலைக் கலையாமல் வெட்டியெடுத்தல் அரிதாகையால், துளையிட்டு அவ்விடத்திலேயே பரீக்ஷிக்கும் முறை வழங்கிவருகிறது.

63.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழச்செய்து, துளையின் அடியிலுள்ள மண்ணில் ஓர் இரும்புக் குழாயை 45 சென்டிமீட்டர் இறக்குவார்கள். முதல் 15 சென்டிமீட்டருக்குரிய அடிகளைத் தள்ளி, பிந்திய 30 சென்டிமீட்டருக்குரிய அடிகளையே எண்ணுதல் வேண்டும். 1948-ம் வருஷத்தில் டெர்சாகி, பெக் என்னும் நிபுணர்கள் வெளியிட்ட அட்டவணைப்படி, எண் 10-க்குக் குறைந்தால் மணல் தளர்ந்தது; 10 முதல் 30 வரை நடுத்தரம்; 30-க்கு மேற்பட்டால் இறுகியது.

ஆயினும் இவ்வெண் எப்பொழுதும் மெய் கூறுவதில்லை. துளையிலுள்ள ஜலம் நிலத்தடி ஜலமட்டத்திற்குக் கீழே இறங்கினால், அடியிலுள்ள மணல் பொங்கித் தளர்ந்து எண் குறையும். அஸ்திவாரத்திற்கு வீண் செலவு நேரிடும். சரளைக்கல் குழாயின் வாயை அடைத்தாலோ, சம்மட்டி தடைப்பட்டு விழுந்தாலோ, எண் கூடி இல்லாத உறுதியைக் காட்டும். இதுவே பெரிய அபாயம். 1964-ல் ஜப்பானிலுள்ள நீகாட்டாவில் பூகம்பம் நேர்ந்தபொழுது, ஜலம் ஊறிய தளர்ந்த மணல் குழம்பாகிப் பெருங்கட்டடங்கள் சாய்ந்தன.

ஆகையால் நிலச்சொந்தக்காரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் ஒரே துளையின் கணக்கை நம்பலாகாது. துளையில் ஜலம் குறையாதிருத்தல், சம்மட்டி முழு உயரத்திலிருந்து விழுதல், ஒவ்வொரு 15 சென்டிமீட்டருக்கும் அடிகளைத் தனித்தனியே குறித்தல் ஆகிய மூன்றையும் நேரில் கவனித்த பின்னரே கணக்கை ஏற்றல் நலம்.