நம்பர் இல்லாத நோட்டு!

சட்டைப்பையில் நூறு ரூபாய் இருந்தால் எடுத்துப் பாருங்கள். காந்தி சிரிக்கிறார், சரி. நம்பர் இருக்கிறதா? பி.காம். படித்த பாவத்துக்குச் சொல்கிறேன், நோட்டில் முக்கிய சமாச்சாரமே அதுதான். ‘எத்தனை அடித்தோம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்’ என்பதற்கு அடையாளம்!

எண்ணாமல் அடித்தால்?

எங்கள் தம்மம்பட்டியில் ஒரு பெரியவர், அப்பாவின் தகரப்பெட்டியில் கிடந்த நோட்டைக் காட்டினார். பத்து வெள்ளி. வாழைமரப் படம். மலாயாவைக் குறிக்கும் ‘எம்’ எழுத்து உண்டு, நம்பர் கிடையாது. சேலம் ஜில்லாவிலிருந்து மலாயா ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பலேறிய பலரில் அந்த அப்பாவும் ஒருவர்.

1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. ஜப்பான்காரர்கள் சொந்தமாக வெள்ளி நோட்டு அடித்து, பழைய வெள்ளிக்கு இது சமம் என்றார்கள். முதலில் நம்பர் இருந்தது. பிறகு அதற்கும் முழுக்கு! பணம் தேவையா, அடி நோட்டு. கடைசியில் ஆயிரம் வெள்ளி நோட்டே வந்தது.

சோற்றுக்கு அரிசியோ வெளியிலிருந்து வரவேண்டும். போரில் அந்த வரத்து சுருங்கியது. சரக்கு குறைச்சல், காகிதம் ஜாஸ்தி. போருக்கு முன் சுமார் 5 வெள்ளிக்குக் கிடைத்த 60 கிலோ அரிசி, 1945ல் ஆயிரக்கணக்கில் எகிறியது. ஜனங்கள் மரவள்ளியைத் தின்று உயிர் பிழைத்தார்கள். ஆத்தூர்ப் பக்கம் நாம் ஜவ்வரிசிக்கு அனுப்புகிறோமே, அதே குச்சிக்கிழங்கு!

1945 செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் ஒரே வார்த்தையில் முடித்தார்கள்: செல்லாது.

2016 நவம்பர் 8 ராத்திரி நமக்கும் ‘செல்லாது’ சொன்னார்கள். பேங்க் வாசலில் நின்று திட்டித் தீர்த்தோம். ஆனாலும் க்யூவின் கோடியில் ஒரு கவுண்டர் இருந்தது. 1946 ஆகஸ்டில் ஹங்கேரி தன் பெங்கோ நோட்டைத் தலைமுழுகியபோது, 4 போட்டு 29 சைபர் சேர்த்த பெங்கோவுக்கு ஒரே ஒரு ஃபோரின்ட் கொடுத்தது. கேவலமான ரேட்தான். ஆனாலும் ரேட்! வாழைமர நோட்டுக்கு ரேட்டும் இல்லை, கவுண்டரும் இல்லை.

இன்னொரு கூத்து கேளுங்கள். போருக்கு முன் வாங்கிய கடனைச் சிலர் இந்த நோட்டிலேயே அடைத்தார்கள். வாங்கினவனுக்குக் கொண்டாட்டம், கொடுத்த செட்டியாருக்குத் திண்டாட்டம்! வழக்குகள் குவிய, 1948ல் மலாயாவில் சட்டம் வந்தது. எந்த மாதம் ஜப்பான் வெள்ளிக்கு என்ன மதிப்பு என்று பட்டியலே போட்டார்கள்.

கடனுக்குப் பட்டியல் வந்தது, நியாயம். விடியற்காலையில் எழுந்து பால்மரம் வெட்டிச் சேர்த்த கூலி பெட்டியில் அப்படியே கிடந்ததே, அதற்கு யார் பட்டியல் போட்டார்கள்?