துணை வந்தால்தான் முட்டை

காஜாங்கிலிருந்து செமினியைத் தாண்டி புரோகா சாலையில் போனால் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் வரும். அங்குள்ள ஆய்வாளர்கள் காட்டு யானைகளின் இலத்தியைச் சேகரித்து, அதிலிருந்து மன அழுத்த ஹார்மோனை அளந்திருக்கிறார்கள். யானையைப் பிடித்து இரத்தம் எடுக்கலாமே என்று தோன்றும். பிடித்த மாத்திரத்திலேயே அந்த ஹார்மோன் எகிறிவிடும், அளந்து பயனில்லை. உடலில் சுரந்த ஹார்மோன் கல்லீரலில் சிதைந்து, பித்தத்தோடு குடலுக்கு வந்து, கழிவோடு வெளியேறுகிறது. ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டிரோன் ஆகியவையும் இப்படித்தான் கழிகின்றன. ஆகவே ஒரு பெண் விலங்கு பருவத்துக்கு வந்திருக்கிறதா, சினையாக இருக்கிறதா என்பதை அதைத் தொடாமலே கண்டுபிடிக்க முடியும்.

இந்த ஹார்மோன் அறிவு நம் நாட்டில் எந்த விலங்குக்கு மிகவும் தேவைப்பட்டதோ, அது இன்று மலேசியாவில் இல்லை. காண்டாமிருகங்களிலேயே சிறியதும், உடலெல்லாம் ரோமம் உள்ளதுமான சுமத்ரா காண்டாமிருகத்தைத்தான் சொல்கிறேன்.

1984 முதல் 1990களின் நடுப்பகுதி வரை சுமத்ரா, தீபகற்ப மலேசியா, சபா காடுகளில் 40 விலங்குகளைப் பிடித்து இனப்பெருக்கத்துக்காகப் பல இடங்களில் வைத்தார்கள். நம் சிலாங்கூரின் சுங்கை டூசுன் அவற்றில் ஒன்று. அங்கே ஒரு கன்றுகூடப் பிறக்கவில்லை. 2003இல் மூன்று வாரங்களுக்குள் ஐந்து விலங்குகள் நோயில் அடுத்தடுத்து இறந்தன. அத்தோடு சுங்கை டூசுனில் அந்த முயற்சி முடிந்தது.

கன்று ஏன் பிறக்கவில்லை? அதற்கான விடை அமெரிக்காவின் சின்சினாட்டி விலங்குக்காட்சிச்சாலையில் கிடைத்தது. எமி என்ற பெண் விலங்கையும் இபு என்ற ஆணையும் வைத்துக்கொண்டு டெர்ரி ராத் என்ற ஆய்வாளர் 1996 முதல் இதையே தேடினார். தீவனம் தின்றபடி எமி நிற்கும்போது மலக்குடல் வழியாக ஸ்கேன் கருவியைச் செலுத்திச் சூலகத்தைப் பார்த்தார்கள். முட்டையைத் தாங்கும் நீர்ப்பை திரையில் கறுப்பு வட்டமாகத் தெரியும். அது வளரும், பெரிதாகும், ஆனால் வெடிக்காது. ஆணோடு சேர்ந்த பிறகுதான் வெடித்தது.

பெரும்பாலான பாலூட்டிகளுக்கு இது தானாக நடக்கும். நீர்ப்பை முற்றியதும் ஈஸ்ட்ரோஜென் உச்சத்துக்குப் போகும். மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனை ஒரேயடியாகக் கொட்டும்; முட்டை வெளியேறும். பூனை, முயல், ஒட்டகம் ஆகியவற்றுக்கு அந்த எல்.எச். பாய்ச்சலைத் தூண்டுவது புணர்ச்சி. சுமத்ரா காண்டாமிருகமும் இந்தக் கூட்டத்தில்தான் சேர்த்தி. அதிலும் நாள் தப்பக்கூடாது. வட்டம் 20 முதல் 25 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்திருக்கும் நாளில்தான் பெண் இணங்கும். மற்ற நாளில் இரண்டையும் ஒரே அடைப்பில் விட்டால் காயம்படும் அளவுக்குச் சண்டைதான். தனித்து வாழும் விலங்குகளை நாள் கணக்குத் தெரியாமல் சேர்த்து வைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாருக்கும் அன்று அது தெரியாது.

நாள் தெரிந்த பிறகும் எமிக்கு ஐந்து முறை கரு கலைந்தது. ஆறாவது முறை, பெண் குதிரைகளுக்குக் கொடுக்கும் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தை வாய்வழியாகத் தினமும் கொடுத்தார்கள். 475 நாள் சுமந்து, 2001 செப்டம்பர் 13 அன்று அண்டலாஸ் என்ற ஆண் கன்றை எமி ஈன்றது. அதற்கு முன் மனிதப் பராமரிப்பில் கருவாகிப் பிறந்த கன்று 1889இல், ராம் பிரம்ம சன்யால் பொறுப்பில் இருந்த கல்கத்தா விலங்குக்காட்சிச்சாலையில் பிறந்தது. இடையில் 112 ஆண்டுகள்!

மலேசியாவுக்கு இந்தச் செய்தி வந்து சேர்ந்தபோது விலங்குகள் தீர்ந்துகொண்டிருந்தன. சபாவின் தாபின் காப்பகத்தில் கடைசியாக மூன்று இருந்தன. தாம் என்ற ஆண் 2008இல் செம்பனைத் தோட்டத்தில் பிடிபட்டது. அதன் விந்தணுத் தரம் குறைவு. 2011இல் வந்த புந்துங்குக்குக் கண்ணியில் சிக்கி முன்கால் பாதம் போயிருந்தது, கருப்பையில் நீர்க்கட்டிகள். 2014இல் டானும் பள்ளத்தாக்கில் பிடித்த ஈமானை ஸ்கேன் செய்தபோது சினையாக இருக்குமோ என்று எல்லாருக்கும் நம்பிக்கை பிறந்தது. பிறகு பார்த்தால், உள்ளே இருந்தவை கருப்பைத் தசைக்கட்டிகள்.

இது தற்செயல் அல்ல. சினைப்படாத பெண் காண்டாமிருகத்துக்கு ஒவ்வொரு சுழற்சியிலும் ஈஸ்ட்ரோஜென் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. கரு தங்கினால் ஓராண்டுக்கு மேல் கிடைக்கவேண்டிய ஓய்வு கருப்பைக்குக் கிடைப்பதில்லை. ஆண்டுகள் போகப்போகக் கட்டிகள் வளர்ந்து, கடைசியில் ஆண் கிடைத்தாலும் கரு தங்காது. காட்டில் எண்ணிக்கை குறைந்து பெண் துணையில்லாமல் அலைந்தால், வேட்டைக்காரன் கையில் சிக்காமலே அந்த இனம் அழியும். துப்பாக்கியை மட்டும் குற்றம் சொல்லும் கட்டுரைகள் இதை விட்டுவிடுகின்றன.

2017இல் புந்துங், 2019 மே மாதம் தாம், அதே ஆண்டு நவம்பர் 23 அன்று ஈமான். அத்தோடு மலேசியாவின் கணக்கு முடிந்தது. தாமின் தோல் செல்களிலிருந்து பெர்லின் ஆய்வாளர்கள் குருத்தணுக்களை உருவாக்கி 2022இல் வெளியிட்டார்கள். அவற்றிலிருந்து ஒருநாள் முட்டையும் விந்தும் உண்டாக்க வேண்டும் என்பது திட்டம். கன்று வரும்வரை அதைச் சாதனை என்று நான் சொல்லமாட்டேன். இந்தோனேசியாவின் வே கம்பாசிலோ 2023இல் மட்டும் இரண்டு கன்றுகள் பிறந்தன. ஒன்றுக்குத் தகப்பன் அண்டலாஸ், மற்றதற்கு அதன் தம்பி ஹராப்பான்.

சுங்கை டூசுன் மையம் இப்போது தாப்பிர்களைப் பராமரிக்கிறது. பெண் தாப்பிர் 13 மாதம் சுமந்து ஒரே ஒரு கன்றைத்தான் ஈனும். சாலையில் ஒன்று அடிபட்டுச் சாகும்போது, எங்கோ ஒரு தாப்பிருக்குத் துணை இல்லாமல் போகிறது. காட்டோரச் சாலைகளில் இரவில் ஓட்டுகிறவர்கள் விலங்கு கடக்கும் இடம் என்ற மஞ்சள் பலகையைக் கண்டால் வேகத்தைக் குறையுங்கள்.